ரோஜாக் கொடி படர்ந்த வீடு

பிஸ்கோத்து டப்பாவின் மூடியிலும் புது வருஷக் காலண்டரிலும் நேயர்கள் அந்த வீட்டைப் பலமுறை பார்த்திருப்பார்கள். வைக்கோல் வேய்ந்த கூரை, வெள்ளையடித்த சுவர், வாசற்படியின் இரு பக்கமும் படர்ந்து ஏறிய ரோஜாக் கொடி, பின்னால் மாதாகோயிலின் கூர்ங்கோபுரம், முன்னால் ஒரு சிற்றோடையும் நாலு வாத்துக்களும். லண்டன், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் முதலிய பட்டணங்களில் நெரிசலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே உத்தியோகம் பார்க்கும் ஆங்கிலேயன் கண்ணை மூடினால் காணும் கனவு இந்த வீடுதான். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவன் மனம் அதை விலைக்கு வாங்கத் துடிக்கிறது.

நம் நாட்டிலே கிராமத்தான் பட்டணத்துக்கு ஓடுகிறான். அங்கேயோ, பட்டணத்தான் கிராமத்துக்கு ஓடுகிறான். இங்கிலாந்தின் ஜனத்தொகையில் இன்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரே கிராமப்புறங்களில் வசிக்கிறார்கள். ஆகவே கிராம வாசம் என்பது அந்நாட்டில் ஒரு பாக்கியமாகவும், பணம் படைத்தோர்க்குரிய அலங்காரமாகவும் ஆகிவிட்டது. வைத்தியத் தொழிலையும் பிற உத்தியோகங்களையும் முன்னிட்டு அங்கே குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. எனவே, அந்த ரோஜாக் கொடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை இவ்வாரம் சற்று விசாரிப்போம்.

முதலில் கிராமத்தின் பூர்வோத்தரம். 1086-ல் வில்லியம் அரசன் தன் ராஜ்யத்தில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவாலை என்று கணக்கெடுத்து எழுதச் செய்தான். 'டூம்ஸ்டே' என்னும் அந்தப் புத்தகத்தில் இன்றுள்ள கிராமங்களில் மிகப் பலவற்றின் பெயர் காணப்படுகிறது. அக்காலத்தில் ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமும், விறகு பொறுக்கும் காடும் இருந்தன. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பார்லிமெண்டு ஆயிரக்கணக்கான சட்டங்களை இயற்றி, அந்தப் பொது நிலங்களை வேலியடைத்துப் பெரிய நிலச்சுவான்தார்களின் சொத்தாக்கியது. ஏழைக் குடியானவன் ஆலைப் பட்டணங்களுக்குக் கூலியாகப் போனான். ஆலிவர் கோல்ட்ஸ்மித் என்னும் கவி 1770-லேயே, கைவிடப்பட்ட ஒரு கிராமத்தைப் பற்றிப் பெயர் பெற்ற காவியம் ஒன்று எழுதி வெளியிட்டான். சொந்த ஊர்க் குடியானவனின் நிலத்தை எடுத்துக்கொள்ளத் தயங்காதவர்கள், கடல் கடந்த நாடுகளிலும் தயங்காமற் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தக் குடியானவன் மனைவி மக்களோடு முடங்கிக் கிடந்த இரண்டு அறைக் குடிசைதான் இன்றைய ரோஜாக் கொடி வீடு. இன்று அதை விலைக்கு வாங்க எந்தப் பண்ணைக் கூலியாளாலும் முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். ஆங்கிலேயன் வாக்குத் தவறாதவன் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வீடு விற்பதில் மட்டும் அந்தப் பாடம் செல்லாது. விற்பவர் விலையை ஒப்புக்கொண்டு கை குலுக்கிய பிறகும் இருவரையும் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. இருதரத்து வக்கீல்களும் ஒப்பந்தப் பத்திரங்களை மாற்றிக்கொள்ளும் நாள் வரையில் யாரும் பின்வாங்கலாம். இதற்குள் வேறொருவர் அதிக விலை சொன்னால் அவருக்கே வீட்டைக் கொடுத்துவிடுவதும் உண்டு. இந்தக் காரியத்துக்கு 'கெஸம்பிங்' என்று ஒரு விகாரமான பெயர். அன்றியும், விற்பவர் தாம் குடிபோக வேறொரு வீட்டை வாங்கக் காத்திருப்பார். அவர் வாங்கும் வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குக் காத்திருப்பார். இப்படி நீளும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லோருடைய மூட்டை முடிச்சும் அவிழ்க்கப்பட வேண்டியதுதான். ஒப்பந்தம் மாறியதும் வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணமாகச் செல்லும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் வக்கீல் பற்பல தேடல்களைச் செய்வார். சாக்கடை எங்கே போகிறது, வெள்ள அபாயம் உண்டா என்பவை சாதாரணத் தேடல்கள். ஆனால் கிராமத்துக்கே உரிய விசித்திரமான ஒரு தேடலும் உண்டு. பழைய மாதாகோயில்களில் பலிபீடம் இருக்கும் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமை, மத்திய காலத்திலே சில நிலங்களோடு பிணைக்கப்பட்டது. நிலம் கைமாறினால் கடமையும் கூடவே கைமாறும். வார்விக்ஷயரிலுள்ள ஆஸ்டன் காண்ட்லோ என்னும் கிராமத்தில் ஒரு பண்ணையைப் பெற்ற தம்பதிகளிடம், கோயிலைப் பழுதுபார்க்க ஏறத்தாழ 1 லட்சம் பவுன் கேட்கப்பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 2003-ல் கோயில் பக்கமே தீர்ப்பாயிற்று. இதனால் எழுந்த கலக்கத்தின் பின், 2013 அக்டோபர் 13 முதல் நிலைமை சற்று மாறியது. முன்னதாகப் பதிவு செய்யப்பட்டிருந்தாலொழிய, அதன் பிறகு விலை கொடுத்து வாங்கியவரை இக்கடமை பெரும்பாலும் பற்றாது. எனினும் ஜாக்கிரதையுள்ள வக்கீல்கள் இன்றும் இதைத் தேடிப் பார்க்கிறார்கள். கோயில் திருப்பணி செய்வது புண்ணியந்தான். ஆயினும் கட்டாயத் திருப்பணிக்குப் புண்ணியம் எவ்வளவு என்பதைச் சாஸ்திரிகளே சொல்ல வேண்டும்.

வீடு கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஜன்னல் சிறிதாக இருக்கிறதே, கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று இல்லத்தரசி சொல்கிறாள். கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் சட்டத்தைக் கூப்பிட வேண்டும். இங்கிலாந்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் பாதுகாக்க வேண்டியவை என்று ஜாபிதாவில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கிராமத்து அழகிய வீடுகளில் மிகப் பல இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் இயல்பை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் அதிகாரிகளின் உத்தரவு வேண்டும். உத்தரவில்லாமல் மாற்றுவது கிரிமினல் குற்றம். முன்னிருந்தவர் திருட்டுத்தனமாக மாற்றியதைப் பழையபடி ஆக்கும்படி இன்றைய சொந்தக்காரருக்கு உத்தரவு வந்தாலும் வரலாம். ஆதலால் வீட்டை வாங்குகிறவர், அதில் முன்பு நடந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும்.

பழைய வீட்டின் உடற்கூறும் வேறு. டெவன் பிரதேசத்தில் மண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து இரண்டடி கனத்துக்கு எழுப்பிய சுவர்கள் சில நூற்றாண்டுகளாக நிற்கின்றன. நம் ஊர் மண்சுவருக்கு அவை ஒன்றுவிட்ட சகோதரர்கள். அச்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். புதுமை மோகத்தால் சிமெண்டைப் பூசினால், ஈரம் உள்ளேயே அகப்பட்டுச் சுவர் மெள்ள மெள்ள இளகிப் போகும். கூரையோ, நாணலாகவோ கோதுமைத் தாளாகவோ இருக்கும். அதன் முகட்டை 10, 15 வருஷங்களுக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும். கூரை வேய்பவன் அங்கே கூலியாள் அல்லன், கைதேர்ந்த நிபுணன், அவனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நெருப்புப் பயத்தினால் இன்ஷியூரன்ஸ் கட்டணமும் அதிகம்.

அடுப்பும் குளிரும் அடுத்த கவலை. பட்டணத்து வீடுகளைப்போல் அநேகக் கிராமங்களுக்குக் குழாய் வழியாக எரிவாயு வருவதில்லை. தோட்டத்து மூலையில் ஒரு பெரிய தொட்டி, அதில் மண்ணெண்ணெய், அதைக் கொண்டு வெந்நீரும் கணப்பும். லாரிக்காரர் சாதாரணமாக 500 லிட்டருக்குக் குறைந்து கொடுக்கமாட்டார். ஆகையால் ஊரார் ஒன்று கூடி மொத்தமாக எண்ணெய் வாங்கும் சங்கங்களை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்கடையும் பல இடங்களில் சொந்தப் பொறுப்புத்தான். வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நேராக ஓடையில் நீர் விடும் வழக்கம் 2020 ஜனவரி 1 முதல் விதிகளால் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய தொட்டியுள்ள வீட்டை வாங்குகிறவர் அதை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்வது நலம்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒரு கிராமத்தை நாம் மறக்கலாகாது. ஆக்ஸ்போர்டுஷயரில் சில்டர்ன் குன்றுகளின் மேல் ஸ்டோக் ரோ என்ற சிற்றூர் இருக்கிறது. சுண்ணக்கல் பூமி, மழை பெய்தால் நீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஏழைகள் குட்டை நீரைக் குடித்துக் காலங்கழித்தார்கள். அப்பகுதியைச் சேர்ந்த எட்வர்டு ஆண்டர்டன் ரீட் என்பவர் நம் நாட்டில் உத்தியோகம் வகித்தபோது, இந்தக் கஷ்டத்தைக் காசி மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண சிங் அதை நினைவில் வைத்துத் தம் செலவில் அவ்வூருக்கு ஒரு கிணறு வெட்டுவித்தார். ஆட்கள் கையாலேயே 368 அடி ஆழம் தோண்டினார்கள். இது லண்டன் செயின்ட் பால் கோயிலின் உயரத்தைக் காட்டிலும் அதிகம். 1864 மே 24-ல் கிணறு திறக்கப்பட்டது. மேலே அழகிய கவிகை மண்டபமும், நீர் இறைக்கும் யந்திரத்தின் மீது ஒரு பொன்வர்ண யானையும் இன்றும் காட்சியளிக்கின்றன. 1857-ன் இரத்தக் கறை உலராத காலத்தில், அடிமைப்பட்ட நாட்டு மன்னர் ஒருவர் ஆண்டவர்களுடைய நாட்டு ஏழைகளுக்குத் தண்ணீர் வார்த்தார். ஆங்கிலக் கிராமத்தைக் காணச் செல்லும் நம்மவர்கள் இக்கிணற்றின் அருகே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

அடுத்தது பிரயாணம். 1963-ல் டாக்டர் பீச்சிங் என்பவர் சமர்ப்பித்த அறிக்கையின்படி, நஷ்டத்தில் ஓடிய ரெயில் பாதைகள் மூடப்பட்டன; 2,000-க்கு மேற்பட்ட நிலையங்கள் ஒழிந்தன. 1985-ஆம் வருஷத்துச் சட்டம் லண்டனுக்கு வெளியே பஸ் போக்குவரத்தைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. லாபமுள்ள பாதையில் பஸ் ஓடிற்று; லாபமில்லாத கிராமத்தில் குறைந்தது. ஆகவே கார் இல்லாதவர்க்குக் கிராம வாசம் அநேகமாக வனவாசமே. டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். தெருவிளக்கும் பல ஊர்களில் இல்லை. வாலிபத்தில் வாங்கிய வீட்டில் முதுமையில் கண் மங்கிக் காரோட்ட முடியாமற் போனால் என்ன செய்வது என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்டுக்கொள்வது விவேகம்.

கடையும் தபாலாபீசும் கிராமத்தின் இரு கண்கள். பென்ஷன் வாங்கும் கிழவிக்குத் தபாலாபீஸ் பணம் கொடுக்கும் இடம் மட்டுமன்று. நாலு வார்த்தை பேசும் இடமுங்கூட. அத்தகைய தபாலாபீஸ்களை நடத்தியவர்களில் நம் நாட்டு வம்சத்தினர் பலர். 1999 முதல் 2015 வரையில், 'ஹொரைஸான்' என்ற கம்ப்யூட்டர் கணக்கில் தோன்றிய பொய்யான பற்றாக்குறைகளைக் கொண்டு, 900-க்கு மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஊரார் மதித்த மனிதர்கள் ஒரே நாளில் ஊரார் முன் தலைகுனிந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். 2024-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி அத்தண்டனைகளை ரத்து செய்தது. இது நாடெங்கும் நடந்த அநியாயமே. ஆயினும் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் அபவாதத்தின் சுமை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கிராமத்தின் அன்பும் நெருக்கமானது. அதன் சந்தேகமும் நெருக்கமானது.

ஆனால் இருளை மட்டும் காட்டி நிறுத்துவது நியாயமன்று. கூட்டுறவு இயக்கம் 1844-ல் ராச்டேல் நெசவாளர்களிடம் உருப்பெற்ற நாடு அது. கடை மூடப்படும் என்ற செய்தி வந்ததும் ஊரார் பங்குப் பணம் சேர்த்துத் தாமே கடையை நடத்துகிறார்கள். உத்தியோகத்திலிருந்து விலகியவர்கள் முறை போட்டுக்கொண்டு சம்பளமின்றிக் கல்லாவில் உட்காருகிறார்கள். கம்பர்லாந்துப் பக்கத்தில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்னும் கிராமத்தில் இருந்த ஒரே மதுச்சாலையை, 2003-ல் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூட்டுறவு முறையில் வாங்கிக் காப்பாற்றினார்கள். மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அங்கே மதுச்சாலை என்பது நம் ஊர்த் திண்ணைக்குச் சமானம். எலுமிச்சை ரசம் குடித்துக்கொண்டும் அதில் வீற்றிருக்கலாம். 2011-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, இத்தகைய பொது இடம் விலைக்கு வந்தால் ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் அளிக்கிறது. உபயோகமற்றுப் போன சிவப்பு டெலிபோன் கூண்டுகளையும் 2008 முதல் 1 பவுன் விலைக்கு வாங்கி, புத்தகசாலையாகவும், நின்றுபோன இருதயத்தை மின்சாரத்தால் மீண்டும் இயக்கும் கருவிக்கு இருப்பிடமாகவும் ஆக்கியிருக்கிறார்கள்.

1894-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட கிராம சபைகளும் இன்றுவரை நடைபெறுகின்றன. அதிகாரம் சொற்பம், விவாதம் அபாரம். பெஞ்சுக்கு எந்த வர்ணம், பிரேத பூமிக்கு எந்த வேலி என்பன போன்ற விஷயங்களில் பார்லிமெண்டுக்குக் குறையாத பிரசங்கங்கள் நடக்கும். புதிதாக வந்தவர் முதல் வருஷம் இதில் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. திருவிழாவுக்கு நாற்காலி தூக்குவது, கிரிக்கெட்டில் பதினோராவது ஆளாக நிற்பது, கடையில் வாரம் இரண்டு மணி நேரம் வேலை செய்வது ஆகிய இவையே கிராமத்துக்குள் நுழையும் வாயில்கள்.

உங்கள் தோட்டத்தின் ஊடே ஊர்ப் பொது நடைபாதை சென்றால் வேலி போட்டு அடைத்துவிடவும் முயல வேண்டாம். நம் நாட்டில் 1930-ல் தண்டியில் உப்பெடுத்த இரண்டு வருஷங்களுக்குப் பின், டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மலைமீது பட்டணத்துத் தொழிலாளிகள் தடையை மீறிக் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 1949-ல் சட்டமே பொதுப் பாதைகளைப் படத்தில் குறித்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. நடக்கும் உரிமைக்கு அந்த ஜனங்களும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஒன்று. வில்ட்ஷயரில் இம்பர் என்ற கிராமம் இருந்தது. 1943 நவம்பரில் ராணுவப் பயிற்சிக்காக 47 நாட்களுக்குள் காலி செய்யும்படி ஊராருக்கு உத்தரவாயிற்று. யுத்தம் முடிந்தும் அவர்கள் திரும்பிக் குடியேற விடப்படவில்லை. கோயில் மட்டும் வருஷத்தில் சில நாட்கள் திறக்கப்படுகிறது. இம்பரைக் காலி செய்யப் பட்டாளம் வேண்டியிருந்தது. கார்ன்வால் கடற்கரைக் கிராமங்களைக் காலி செய்யப் பணமே போதுமானதாயிருக்கிறது. லண்டனிலுள்ளவர்கள் கோடை விடுமுறைக்கென்று இரண்டாவது வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. மீன்பிடிப்பவன் மகனும் பள்ளி உபாத்தியாயினியும் வேறு ஊருக்குப் போகிறார்கள். பனிக்காலத்தில் தெரு முழுவதும் இருண்ட ஜன்னல்கள். குழந்தைகள் இல்லாததால் பள்ளிக்கூடமும், வாடிக்கைக்காரர் இல்லாததால் கடையும் தள்ளாடுகின்றன.

இதை எதிர்த்து அங்குள்ள ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் செயின்ட் ஐவ்ஸ் என்னும் சிறு துறைமுக ஊரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. புதிதாகக் கட்டும் வீடுகள் வருஷ முழுதும் வசிப்பவர்களுக்கே என்ற விதியை, வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள். பழைய வீடுகளை அவ்விதி தொடாது என்பது அதன் குறை. 2025 ஏப்ரல் முதல் உள்ளூர் சபைகள் இரண்டாவது வீட்டுக்கு இரட்டிப்பு வரி விதிக்கலாம். கார்ன்வால் அவ்விதமே விதிக்கிறது.

ஆகவே கிராமத்தில் வீடு வாங்க விரும்புவோர்க்கு நாம் சொல்லும் யோசனை இதுதான். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போய் வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பிப்ரவரி மாதத்தில், மழை தூறும் ஒரு செவ்வாய்க்கிழமையன்று பஸ்ஸில் செல்லுங்கள். பஸ் வருகிறதா என்பது அதனாலேயே தெரிந்துவிடும். கடையில் ரொட்டி வாங்கி, கடைக்காரியோடு பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனை குழந்தைகள் என்று விசாரியுங்கள். இருட்டிய பிறகு தெருவில் நடந்து, எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பிறகு, அந்த விளக்குகளோடு வருஷம் முழுவதும் உங்கள் வீட்டு விளக்கும் எரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எரியும் என்று மனம் ஒப்பினால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால், விடுமுறை நாளில் வாடகை அறையில் பத்து நாள் தங்கி, ரோஜாவை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். அந்த வீடு, அங்கே வசிக்க வேண்டிய வேறொரு குடும்பத்துக்கு உபயோகப்படட்டும்.